வில்வண்டி முதல் கேரவன் வரை: கைக்கு எட்டாத பெட்டியின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். வகுப்பில் தூங்கியவர்கள் இங்கேயும் தூங்கலாம், பெயர் எழுத மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் நம் பழைய மாணவன் ஒருவனின் பட்டறைக்குப் போயிருந்தேன். 1994ஆம் வருஷத்துப் பத்தாம் வகுப்பு செட். "பேரைப் போட்டா விளம்பரம் மாதிரி ஆயிரும் சார், வேண்டாம்" என்றான். அதனால் போடவில்லை. அந்த செட்டுக்காரர்களுக்குப் புரியும். வேன்களுக்கு உள்வேலை செய்கிற பட்டறை அது. இப்போது ஒரு ரிட்டயர்டு தம்பதிக்காக ஒரு வேனை வீட்டு வண்டியாக மாற்றிக்கொண்டிருக்கிறான். கேரவன் என்கிறோமே, அதுதான். உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வந்துவிட்டது. தரைக்குக் கீழே, பக்கவாட்டில், சாமான் வைக்கும் அறை. அதன் கதவைத் திறந்து, "இத இழுங்க சார்" என்றான். ஒரு கையால் இழுத்தேன். நாலடி நீளத்துக்கு ஒரு தட்டு சத்தமில்லாமல் வெளியே வந்து நின்றது. கேஸ் சிலிண்டர், டூல்ஸ் பெட்டி, தண்ணீர் கேன், பாத்திரம் எல்லாம் அதன்மேல் இருந்தன. மொத்தம் 80 கிலோவாம்.

ஆச்சரியப்பட்டு நிற்க வேண்டிய இடம். ஆனால் எனக்கு வேறொன்று ஞாபகத்துக்கு வந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு ராத்திரி. அவனுக்கும் அதுதான் ஞாபகத்தில் இருந்திருக்கிறது என்று அவன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். சரித்திர வாத்தியார் அல்லவா, முதலில் சரித்திரம்.

வீட்டோடு பயணம் போவது நமக்குப் புதிதல்ல. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போகிற குடும்பங்களைக் கேளுங்கள். காட்டுக்குள் ஆற்றங்கரையில் நாள்கணக்கில் தங்குவார்கள். எனக்கு 7, 8 வயது இருக்கும்போது எங்கள் தாத்தாவின் கூட்டு வண்டியில் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து போயிருக்கிறேன். (இன்றைக்கு அந்தக் காடு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988இல் அறிவித்தார்கள். இப்போது வண்டிக்கும் தங்கலுக்கும் நிறைய கட்டுப்பாடு.) அரிசி, பருப்பு, பாத்திரம், கோழி, கைக்குழந்தை, பாட்டி என்று ஒரு வீடே வண்டியில் ஏறும். சாமானைத் தட்டில் பரப்பி, அதன்மேல் வைக்கோல், வைக்கோல்மேல் ஜமுக்காளம், ஜமுக்காளத்தின்மேல் நாங்கள்.

அந்த வண்டியை இப்போது நினைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. எங்கே எதை வைத்தார்கள் என்பதில் ஒரு கணக்கு இருந்தது. மாட்டுக்குத் தீவனம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வேண்டும். அது வண்டிக்குள் ஏறாது. அச்சுக்குக் கீழே கட்டித் தொங்கவிட்ட சாக்கில் இருக்கும். வண்டி மை வைத்த மூங்கில் குழாய் வெளியே தொங்கும். அரிக்கேன் விளக்கும் வெளியே. உள்ளே போனது எல்லாம், போய்ச் சேர்ந்தபிறகுதான் வேண்டும் என்கிற சாமான். சாமான் ஏற்றும்போது பாட்டி பக்கத்தில் நின்று அதட்டுவாள்: "மொதல்ல வேணுங்கிறத கடைசில ஏத்துல!"

பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் அன்று அவள் சொன்னதற்கு மேல் நான் இன்றைக்கு எதையும் புதிதாகச் சொல்லப் போவதில்லை.

இப்போது கொஞ்சம் தூரமாகப் போவோம். அமெரிக்காவில் டெக்சாஸ். 1866ஆம் ஆண்டு. சார்லஸ் குட்நைட் என்று ஒரு மாட்டுப் பண்ணைக்காரர். ஆயிரக்கணக்கான மாடுகளை மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டு போகவேண்டும். கூட வருகிற ஆட்களுக்கு மூன்று வேளையும் சோறு போடவேண்டும். பழைய ராணுவ வண்டி ஒன்றை வாங்கி, அதன் பின்பக்கத்தில் ஒரு மரப்பெட்டியைப் பொருத்தினார். பெட்டி முழுக்க அறைகளும் இழுப்பறைகளும். மாவு, காபிக்கொட்டை, உப்பு, மருந்து என்று ஒவ்வொன்றுக்கும் தனி இடம். பெட்டியின் மூடி கீல் வைத்தது. கீழே இறக்கி ஒரு காலை ஊன்றினால் அதுவே சமையல் மேசை. 'சக் வேகன்' என்று பெயர். சமையல்காரர் வண்டிக்குள் ஏறவே வேண்டாம். பின்னால் நின்றபடியே எல்லாம் கைக்கு வரும்.

இன்னொரு சங்கதி கேளுங்கள். அந்த வண்டிக்கு அடியில் ஒரு மாட்டுத்தோலைத் தொட்டில்போலக் கட்டியிருப்பார்கள். போகிற வழியில் கிடைக்கும் விறகை அதில் போட்டுக்கொள்வார்கள். எங்கள் தாத்தா வண்டியில் வைக்கோல் சாக்கு, அவர்கள் வண்டியில் விறகுத் தோல். தாத்தா டெக்சாஸ் போனதில்லை, குட்நைட் அம்பாசமுத்திரம் வந்ததில்லை. தேவை ஒன்றாக இருந்தால் வழியும் ஒன்றாகத்தான் வரும் போலிருக்கிறது.

பிறகு 1885இல் இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்கிற கடற்படை டாக்டர், சும்மா ஊர் சுற்றிப் பார்ப்பதற்காகவே குதிரை இழுக்கும் வீட்டு வண்டி ஒன்றைக் கட்டிக்கொண்டார். பெயர் 'வாண்டரர்'. உல்லாசத்துக்கான கேரவன் என்கிற வழக்கம் அவரிலிருந்து தொடங்குவதாகச் சொல்வார்கள். 1951இல் ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா கம்பெனி, ஃபோக்ஸ்வேகன் வேனுக்குள் எடுத்து வைக்கக்கூடிய 'கேம்பிங் பாக்ஸ்' செய்தது. வண்டி அதேதான், உள்ளே வைக்கிற பெட்டிதான் அதை வீடாக்கியது.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். இது எனக்குப் பிடித்த கதை. 1931 அக்டோபரில் மன்னார்குடி மேலவாசலில் ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. அதில் ஏறியிருந்தவை நெல் மூட்டை அல்ல, புத்தகங்கள். எஸ்.வி.கனகசபை பிள்ளை என்பவர் முயற்சியில் உருவான நடமாடும் நூலகம். கிராமம் கிராமமாகப் போய்ப் புத்தகம் கொடுத்தது. அதற்குப் பின்னால் 1928இல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கம் இருந்தது. அந்தச் சங்கத்தின் உயிர்நாடி சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து நூலகரானவர். அதே 1931இல்தான் நூலகத்துக்கான ஐந்து விதிகளைப் புத்தகமாக எழுதினார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: புத்தகம் பூட்டி வைப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கு. வாசிப்பவரின் நேரம் வீணாகக் கூடாது. தரையில் நின்றபடி கை எட்டாத உயரத்தில் அலமாரித் தட்டு இருக்கவே கூடாது என்றும் சொன்னார்.

எத்தனை புத்தகம் அடைத்தோம் என்பது அவர் கணக்கில் பெரிதல்ல. கேட்டவர் கைக்கு எவ்வளவு சீக்கிரம் போனது என்பதுதான் கணக்கு. வண்டியில் சாமான் வைக்கிறவர்களும் படிக்க வேண்டிய பாடம் இது.

அடுத்து பஸ் வந்தது. இங்கே நம்ம மாவட்டத்துக்குப் பெருமை உண்டு. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911இல் தொடங்கியதுதான் டி.வி.எஸ். அந்தப் பெயரின் முதல் எழுத்தே திருக்குறுங்குடிதான். தென்மாவட்டங்களில் பஸ் போக்குவரத்தை வளர்த்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் தலைமுறை பார்த்த பஸ்களில் சாமான் கூரைமேல் போகும். பின்பக்க ஏணியில் ஆள் ஏறிக் கட்டுவார். மழை பெய்தால் நனையும், வெயிலில் வாழைக்காய் பழுத்துவிடும். ஆனால் ஒரு நன்மை இருந்தது. கூரை பரந்த இடம். மூட்டைகள் பரவிக் கிடக்கும், எது எங்கே என்று மேலே ஏறினால் தெரியும். பிறகு தூரப் பயண பஸ்களிலும் டூரிஸ்ட் பஸ்களிலும் டிக்கி வந்தது. மழை இல்லை, தூசி குறைவு, திருட்டு பயம் குறைவு. ஆனால் டிக்கிக்கு வாய் சின்னது, வயிறு பெரிது. முதலில் போனது உள்ளே, ஆழத்தில். அதை எடுக்க முன்னால் உள்ள எல்லாவற்றையும் வெளியே தள்ளவேண்டும். நனையாமல் காப்பாற்றினோம், கைக்கு எட்டாமல் தொலைத்தோம்.

இப்போது அந்த ராத்திரி.

1994 ஜனவரி. பத்தாம் வகுப்பு மாணவர்களைக் கொடைக்கானலுக்கு டூர் அழைத்துப் போனோம். டூரிஸ்ட் பஸ், 45 பையன்கள், நாங்கள் மூன்று ஆசிரியர்கள், ஒரு சமையல்காரர். அப்போதெல்லாம் ஹோட்டலில் சாப்பிடுகிற வசதி ஏது? அரிசி மூட்டை, அண்டா, அடுப்பு எல்லாம் டிக்கியில்.

புறப்படும்போது ஒரு பையனின் அம்மா என்னிடம் வந்தார். அவனுக்கு வீசிங் தொந்தரவு உண்டு. இன்ஹேலரை என் கையில் கொடுத்து, "இவன் தொலச்சிருவான் சார், நீங்களே பத்திரமா வச்சிருங்க" என்றார். பத்திரமாக வைத்தேன். முதலுதவிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, மறந்துவிடக் கூடாதே என்று முதல் ஆளாக நானே டிக்கியில் வைத்தேன். மறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் அரிசி மூட்டையும் அண்டாவும் 45 பைகளும் ஏறின.

ராத்திரி மலைப்பாதையில் குளிர் ஏற ஏற அவனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பஸ்ஸை ஓரம் கட்டினோம். டிக்கியைத் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பையன் டார்ச் பிடித்தான். மற்றவர்கள் பைகளை ரோட்டில் இறக்கினார்கள். அண்டாவை இறக்க நாலு பேர். அரிசி மூட்டை எதிலோ மாட்டிக்கொண்டது. நான் அதன்மேல் ஏறிப் படுத்து, கையை உள்ளே விட்டுத் துழாவினேன். பெட்டியின் கைப்பிடி விரலில் பட்டது, பிடிக்க முடியவில்லை. அந்தப் பெட்டி என்னிடமிருந்து ஒரு முழம் தூரத்தில் இருந்தது. பஸ்ஸுக்குள்ளிருந்து அவன் மூச்சுச் சத்தம் கேட்டது.

இருபது நிமிஷம் ஆயிற்று. மருந்தைக் கொடுத்தபோது அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. பிழைத்தான். கடவுள் புண்ணியம். இப்போது மஸ்கட்டில் இருக்கிறான், இதைப் படிப்பான். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஊருக்குத் திரும்பியதும் அவன் அம்மா பள்ளி வாசலில் காத்திருந்தார். "தொந்தரவு ஒண்ணும் இல்லையே சார்?" என்று கேட்டார். "லேசா இருந்திச்சு, மருந்து கொடுத்தோம், சரியாப் போச்சு" என்றேன். அதில் பொய் இல்லை. ஆனால் இருபது நிமிஷத்தைச் சொல்லவில்லை. பெட்டியை உள்ளே தள்ளியது நான்தான் என்பதையும் சொல்லவில்லை. பிறகு எத்தனையோ முறை அவரை டவுனில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நன்றி சொல்வார். ஆறு வருஷத்துக்கு முன் காலமாகிவிட்டார். அந்த நன்றியை நான் வாங்கியிருக்கக் கூடாது. இந்தப் பதிவு அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியது.

அந்த ராத்திரி டார்ச் பிடித்தவன்தான் இன்றைக்குப் பட்டறைக்காரன்.

2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி கரைபுரண்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலும் பயணிகளும் வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட அந்த நாட்கள். தண்ணீர் வடிந்த பிறகு நம் பிள்ளைகள் சிலர் வேனில் நிவாரணச் சாமான் ஏற்றினார்கள். நான் நின்று பார்த்தேன். பால் பவுடரும் மருந்தும் முதலில் வந்து சேர்ந்ததால் முதலில் உள்ளே போய்க்கொண்டிருந்தன. "ஏலே, நிறுத்து" என்றேன். எல்லாவற்றையும் இறக்கச் சொல்லி, போர்வையை முதலில் ஏற்றச் சொன்னேன். கிழவனுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

இனி அவன் செய்திருக்கிற தட்டுக்கு வருகிறேன். இந்த முறை அவன் வாத்தியார், நான் மாணவன். தரையில் சாக்பீஸால் படம் போட்டே விளக்கினான்.

முதலில் மாடுலர் கிச்சனுக்குப் போடுகிற டிராயர் சேனலைத்தான் போட்டுப் பார்த்தானாம். அந்தச் சேனல் ஒரு ஜோடி தாங்குவது 45 கிலோ. வீட்டுக்குப் போதும், வீடு குலுங்காதே. அம்பை ரோட்டில் ஓட்டிப் பார்த்ததும் உள்ளே இருந்த குண்டுகள் உதிர்ந்துவிட்டன.

"தப்பு எங்க தெரியுமா சார்? 80 கிலோவ 80 கிலோன்னு நெனச்சதுதான்" என்றான். தட்டு மொத்தம் 5 அடி. இழுத்தால் 4 அடி வெளியே, 1 அடி உள்ளே. சாமான் சீராக இருந்தால், எடையின் நடுப்புள்ளி கதவு ஓரத்திலிருந்து ஒன்றரை அடி வெளியே இருக்கும். அப்புறம் நம் சீசா பலகைக் கணக்குதான். 80ஐ ஒன்றரையால் பெருக்கினால் 120. உள்ளே இருக்கிற 1 அடிதான் அதைச் சமாளிக்கவேண்டும். ஆக, உள்முனை 120 கிலோ பலத்தில் மேலே எழும்பப் பார்க்கும். கதவு ஓரத்தில் 200 கிலோ கீழே அழுத்தும். 80 கிலோ சாமான், 200 கிலோ பாரம்!

அதனால் இரண்டாவது முறை இரும்பு சி-சேனல் போட்டு, அதற்குள் பேரிங் உருளைகள் ஓடும்படி செய்திருக்கிறான். சேனலின் மேல் விளிம்பு உருளையை எழும்பவிடாமல் பிடித்துக்கொள்ளும். சேனலை வண்டித் தகட்டில் ஸ்குரூ போட்டு நிறுத்தவில்லை, சேஸியோடு சேர்ந்த குறுக்குச் சட்டத்தில் போல்ட் போட்டிருக்கிறான். தட்டுக்கு இரண்டு பூட்டு. உள்ளே இருக்கும்போது ஒன்று, இல்லாவிட்டால் மலைப்பாதை வளைவில் தட்டு கதவை உடைத்துக்கொண்டு வரும். முழுக்க வெளியே வந்தபின் ஒன்று, இல்லாவிட்டால் சரிவில் நிறுத்தியபோது திரும்ப ஓடிவந்து விரலை நசுக்கும். சிலிண்டர் இருக்கிற தட்டின் அறைக்குக் கீழ்ப்பக்கம் காற்றுத் துளை. கசிந்த கேஸ் காற்றைவிடக் கனம், கீழேதான் தங்கும். கதவு முழுக்க ரப்பர் பீடிங், தூசிக்காக.

"அப்போ எல்லா அறைக்கும் இதே மாதிரி போட்டுரலாமே?" என்றேன்.

"போட்டா வண்டி சாமானச் சுமக்காது சார், டிராயரத்தான் சுமக்கும்" என்றான். ஒரு தட்டும் சட்டமும் மட்டுமே 18 கிலோ. உயரத்தில் 3 அங்குலம் போய்விடுகிறது. ஆகவே தினமும் வேண்டியதற்கு மட்டும் தட்டு. கூடாரம், கூடுதல் மெத்தை எல்லாம் சாதாரண அறையில், பழையபடி அடுக்க வேண்டியதுதான். கனமான சாமானெல்லாம் அச்சுக்குப் பக்கத்தில், தாழ்வாக. சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போன வண்டியின் கணக்கு அப்படியே இருக்கிறது. வைக்கோல் சாக்குக்குப் பதில் பேரிங் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தத் தொழில் இனி வளரும் என்கிறான். மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் 2021இலேயே கேரவன் சுற்றுலாவுக்குக் கொள்கை அறிவித்துவிட்டார்கள். வீட்டு வண்டி எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு நம் நாட்டில் ஏ.ஐ.எஸ். 124 என்று ஒரு தரக்கட்டுப்பாடே இருக்கிறது. விரும்புகிறவர்கள் அதைப் பார்த்துச் செய்துகொள்ளுங்கள். கண்டபடி வெல்டிங் வைத்துவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸில் போய் நிற்காதீர்கள்.

நான் கிளம்பும்போது கேட்டேன்: "முதலுதவிப் பெட்டிய இந்தத் தட்டுலயா வைக்கப் போற?"

"இல்ல சார். அதுக்குத் தட்டும் கிடையாது, பூட்டும் கிடையாது" என்று சொல்லி, ஏறுகிற வாசல் கதவின் உள்பக்கம் காட்டினான். இடுப்பு உயரத்தில் ஒரு சின்ன வலைப்பை. நின்றபடியே கை எட்டும். தட்டு என்றைக்காவது மாட்டிக்கொள்ளலாம், பூட்டுச் சாவி தொலையலாம். அதற்குக்கூட அவன் வழி பார்த்து வைத்திருக்கிறான். நான் ஒன்றும் பேசவில்லை. அவனும் பேசவில்லை. டீ வாங்கிக் கொடுத்தான், குடித்துவிட்டு வந்தேன்.

சரி, வழக்கம்போல வீட்டுப்பாடம். இன்று ராத்திரி படுக்கும்முன் உங்கள் கார் டிக்கியைத் திறந்து பாருங்கள். முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது? ஸ்டெப்னி மாற்றுகிற ஜாக்கி எதற்கு அடியில் கிடக்கிறது? வீட்டில் அம்மா அப்பாவின் அவசர மாத்திரை எந்த அலமாரியில், எந்த டப்பாவுக்குப் பின்னால்? கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால் எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

எல்லோரும் சௌக்கியமாக இருங்கள். பயணம் போகிறவர்கள் பத்திரமாகப் போய் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்